திருப்பதிச் சாலையில் கண் சொக்குவது ஏன்?

சென்னையிலிருந்து நள்ளிரவில் காரெடுத்து, விடியலில் திருமலை ஏறுவது பல குடும்பங்களின் வழக்கம். ஓட்டுபவருக்கு ஆபத்தான நேரமும் அதுவே. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து உறக்கத்தைத் தூண்டுகிறது. போதாததற்கு, அதிகாலை 2 முதல் 5 மணி வரை உடலின் உள்கடிகாரமும் தூங்கச் சொல்கிறது. அப்போது, சில சமயம் கண் திறந்திருக்கும்போதே, மூளை சில விநாடி தூங்கிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடிக்குள் வண்டி 67 மீட்டர் ஓடியிருக்கும். கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு இடம் ஏது?

வரிசையில் பல மணி நேரம் நின்றுவிட்டு, 1944இல் திறந்த பழைய மலைப்பாதையில் உடனே இறங்குவோருக்கும் இதே ஆபத்துதான்.

ஜன்னல் காற்றும் பாட்டும் தூக்கத்தைத் தீர்க்காது. காபி அடினோசினை மறிக்கும். ஆனால் அதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். ஆகவே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபி குடித்து, 20 நிமிடம் கண்மூடுங்கள். தரிசனம் சற்றுத் தள்ளிப்போனால் போகட்டும்.