ஐந்தாவது பெயர்
கோடுகள் கடந்த தூரம் – 12

2010 பிப்ரவரியில் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வெளியானது. அனிமேஷன் பிரிவில் ‘அப்’, ‘கோரலைன்’ உள்ளிட்ட நான்கு படங்கள் எல்லோரும் எதிர்பார்த்தவைதான். ஐந்தாவதாக வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ எங்கிருந்து முளைத்தது என்று ஹாலிவுட்டே விழித்தது.

அயர்லாந்தின் கில்கென்னி நகரில் இருக்கும் கார்ட்டூன் சலூன் நிறுவனத்தின் படம் அது. சுமார் 1,200 ஆண்டுப் பழமையான கெல்ஸ் கையெழுத்துப் பிரதி ஓவியங்களின் சாயலில், கையால் வரைந்தது. அமெரிக்காவில் அதை வெளியிட்ட ஜிகிட்ஸ் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெரிய ஸ்டூடியோக்களுக்கு ஈடாக விளம்பரம் செய்ய அதனால் முடியாது. பிறகு எப்படி?

அன்று இந்தப் பிரிவின் பரிந்துரைகளை ஒரு குழு முடிவு செய்தது. அதில் அனிமேஷன் கலைஞர்கள் நிறையப் பேர். போட்டிப் படங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. கோடு போடத் தெரிந்தவருக்கு நல்ல கோடு கண்ணில் படாமல் போகுமா? 2012-இல் பிரான்ஸின் ‘எ கேட் இன் பாரிஸ்’, ஸ்பெயினின் ‘சிகோ அண்ட் ரீட்டா’, 2016-இல் பிரேசிலின் ‘பாய் அண்ட் தி வேர்ல்ட்’ ஆகியவையும் ஜிகிட்ஸ் வழியாகவே பட்டியலேறின. விருது மட்டும் அந்த மூன்று ஆண்டுகளிலும் ஹாலிவுட் படங்களுக்கே போனது.

2017-இல் விதி மாறியது. விருப்பமுள்ள எந்த அகாடமி உறுப்பினரும் பரிந்துரையில் பங்கேற்கலாம். இனி பெரிய படங்கள்தான் என்று பலர் அஞ்சினார்கள். அடுத்த பட்டியலில் ‘தி பாஸ் பேபி’ நுழைந்ததும் அச்சம் உறுதியானது போலிருந்தது. ஆனால், சுமார் 65,000 எண்ணெய் ஓவியங்களால் ஆன ‘லவ்விங் வின்சென்ட்’டும் அதே பட்டியலில்தான் இருந்தது.

2025-இல் லாட்வியாவின் ‘ஃப்ளோ’ விருதையே வென்றது. செலவு சுமார் 35 லட்சம் யூரோ. வரைந்தது பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில். வசனம் ஒரு வரிகூட இல்லை. இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ். அது தோற்கடித்த ‘இன்சைட் அவுட் 2’ படத்தின் செலவு சுமார் 20 கோடி டாலர். கான், அன்னெசி விழாக்கள், பிறகு கோல்டன் குளோப் என்று படிப்படியாகப் பெயர் வாங்கி வந்ததால், ஆஸ்கர் வாக்காளர்கள் அதைத் தேடிப் பார்த்தார்கள். கெல்ஸுக்கு ஒரு குழுவின் நிபந்தனை செய்த வேலையை ஃப்ளோவுக்கு விழாக்கள் செய்தன. வெளிநாட்டுப் படத்துக்கு முதல் எதிரி போட்டிப் படம் அல்ல. பார்க்காமலே போடப்படும் ஓட்டு.

அகாடமிக்கும் அது புரிந்திருக்கிறது. ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அதில் இறுதி ஓட்டு போடலாம் என்ற விதி 2026 விருதுகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வெளியில் பார்த்துவிட்டதாகப் படிவம் நிரப்பித் தரவும் வழி உண்டு என்பதால், கடைசியில் எல்லாம் உறுப்பினரின் மனசாட்சியைப் பொறுத்ததே.

(அடுத்த வாரம்: 2003-இல் ஆஸ்கர் வென்றும் விழாவுக்குப் போகாத மியாசாகி)