செவுளில் வளரும் சிப்பிக் குஞ்சு

'சிப்பிக்கு நோய் வந்தால் என்ன செய்யும்?' என்று சங்கராபுரம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கோமுகி ஆற்று மணலில் கிடந்த ஓட்டைப் பார்த்ததும் எழுந்த சந்தேகமாம்.

நம் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் சிப்பிக்குக் கிடையாது. கிருமியின் மேலுள்ள சர்க்கரையை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் லெக்டின் புரதங்களும், பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைமும் உண்டு. நம் கண்ணீரிலும் லைசோசைம் இருக்கிறது. மிச்சத்தைச் சிப்பியின் இரத்த அணுக்கள் விழுங்கிவிடும்.

சிப்பிக்கு இல்லாத அந்த எதிர்ப்பொருளே அதன் குஞ்சுக்குச் சோதனையாவதும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, சிப்பி பெருகும் விதத்தைப் பார்ப்போம். கடல் சிப்பி பெரும்பாலும் முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விட்டுவிடும். தூத்துக்குடியில் 1981இல் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டிய முத்துச்சிப்பிக் குஞ்சுகளும் சுமார் மூன்று வாரம் மிதந்து திரிந்துதான் ஓரிடத்தில் ஒட்டின. கோமுகி ஆற்றில் அப்படி மிதந்தால் கல்வராயன் மலையடிவாரத்துக் குஞ்சு வெள்ளாற்றோடு பரங்கிப்பேட்டைக் கடலுக்கே போய்விடும்.

அதனால் ஆற்றுச் சிப்பி ஒரு தந்திரம் செய்கிறது. எனக்கு அலுக்காத விஷயம் இதுதான். தாய் தன் செவுளுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை வளர்த்து வெளியே விடும். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஒவ்வொன்றும், வரப்பில் நடந்தால் வேட்டியில் ஏறும் நாயுருவி விதைபோல, மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்வும். சில மணி நேரத்தில் மீனின் தோலே அதை மூடிக்கொள்ளும். அந்த உறைக்குள் சில வாரம் இருந்து, சிப்பியாக உருமாறி, மணலில் உதிரும். தாய்க்குள் இவற்றைப் பார்த்த ரத்கே என்ற விஞ்ஞானி, தாயைத் தின்னும் ஒட்டுண்ணி என நினைத்து 1797இல் தனிப்பெயரே வைத்துவிட்டார்!

மீன் சும்மா இருக்காது. அதற்கு எதிர்ப்பொருள் உண்டே. ஒத்துவராத இன மீன், குஞ்சுகளைச் சீக்கிரமே உதிர்த்துவிடும். ஒத்த இனத்திலும், ஏற்கெனவே பலமுறை கடிபட்ட மீன் எளிதில் இடம் கொடுக்காது. ஆக, சிப்பி தழைக்கத் தனக்கேற்ற மீன் வேண்டும். அதிலும் இன்னும் கடிபடாத மீன் என்றால் நல்லது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மணலை லாரியில் அள்ளுகிறோம். சிப்பிக்கேற்ற நாட்டு மீன்களை மறந்து, 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை பெருகினாலே ஆறு செழித்ததாக நினைக்கிறோம். நாளெல்லாம் தண்ணீரை வடிகட்டித் தரும் சிப்பியை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

சங்கராபுரத்து நண்பர் அடுத்த முறை ஓட்டின் அளவையும் பார்க்கட்டும். நகத்தளவு ஓடுகளும் உயிருள்ள சின்னச் சிப்பிகளும் தென்பட்டால் இனப்பெருக்கம் நடக்கிறது. எங்கும் உள்ளங்கையளவு கிழடுகள் மட்டும் என்றால், குஞ்சுகள் பிழைப்பது சில வருடமாகவே நின்றிருக்கலாம்.