குட்டிப் பெட்டிக்கு ஆயுள் எத்தனை?

மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றலாகும் உத்தியோகம், இரண்டு அறை வாடகை வீடு, கல்லூரியில் சேரப்போகும் பிள்ளை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. கம்ப்யூட்டர் வாங்க வேண்டிய வேளையில் அவர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "மேக் மினி வாங்கலாமா? அந்த ரகத்தையே கம்பெனிக்காரன் கவனிப்பதில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவான் என்கிறார்களே?"

கேள்வி நியாயமானதுதான். ஐம்பது அறுபது ஆயிரம் ரூபாய் என்பது மாதச் சம்பளக் குடும்பத்துக்குச் சிறு தொகை அல்ல. ஆனால் "நிறுத்திவிடுவானா?" என்று கேட்பதைவிட, "கவனிக்காமல் விட்ட காலத்தில் வாங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பது அதிகப் பயன் தரும். அதற்கு இந்தப் பெட்டியின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ஆப்பிள் கம்பெனி சிறிய மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஆசைப்பட்டது மினியில்தான் முதல்முறை என்று சொல்ல முடியாது. 2000 ஜூலையில் 'க்யூப்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். எட்டு அங்குலக் கனசதுரம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, பார்த்தவர் எல்லாம் மயங்கிய அழகு. விலை 1,799 டாலர். அழகுக்கு அவ்வளவு கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. சரியாக ஓராண்டில், 2001 ஜூலையில், உற்பத்தி நின்றது.

அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு 2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் கொண்டுவந்ததுதான் மேக் மினி. விலை 499 டாலர். திரை, விசைப்பலகை, மௌஸ் எதுவும் கிடையாது. உங்கள் வீட்டில் இருப்பதையே மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம், ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் எடை. நம் அடுக்களை அஞ்சறைப் பெட்டியோடு ஒப்பிடத் தக்க உருவம். அதே 2005-ல் வந்த 'டைகர்' என்ற இயக்க மென்பொருளில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் சேர்ந்து வந்தது. தமிழுக்கென்று தனியாக எழுத்துரு தேடி அலைய வேண்டாம் என்பது அன்று சின்ன விஷயம் அல்ல. ஊர்விட்டு ஊர் வந்து தமிழில் கடிதம் அடிக்கப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

விண்டோஸ்காரர்களை மேக் பக்கம் இழுக்கும் தூண்டில் புழுவாகத்தான் மினியைப் போட்டார்கள். தூண்டிலில் மீன் ஓரளவு விழுந்தது. ஆனால் புழுவை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் கம்பெனிக்கு அடிக்கடி வரவில்லை. 2007 ஆகஸ்டுக்குப் பிறகு 2009 மார்ச் வரை மாறுதலே இல்லை. அப்போதே "மினி செத்துவிட்டது" என்று எழுதியவர்கள் உண்டு. பிறகு 2010-ல் அலுமினிய உடம்பு, 2011-ல் குறுந்தகடு ஓட்டி நீக்கம், 2012-ல் நான்கு கோர் கொண்ட நல்ல வேகமான மாடல் என்று மூன்றாண்டு வசந்த காலம். 2012 மாடலின் அடி மூடியைக் கையால் திருகித் திறந்து நினைவகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். அந்த மாடலுக்குப் பழைய சந்தையில் நெடுநாள் மவுசு இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து வந்ததுதான் பஞ்ச காலம். 2014 அக்டோபர் 16 அன்று புதிய மினி வந்தது. விலை மறுபடி 499 டாலருக்கு இறங்கியது. ஆனால் நான்கு கோர் மாடல் காணாமல் போயிற்று, நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். அடிமட்ட மாடலில் 4 ஜிபி நினைவகமும் மெதுவாகச் சுழலும் வட்டும் மட்டுமே. இதையே, இதே விலைக்கு, 2018 அக்டோபர் 30 வரை விற்றார்கள். நான்கு ஆண்டும் இரண்டு வாரமும்! காய்கறிக் கடைக்காரர்கூடச் சாயங்காலமானால் வாடிய கீரைக்கு விலை குறைப்பார்.

ஏன் இப்படி? 2012-ன் இன்டெல் சில்லுகளில் இரண்டு கோரும் நான்கு கோரும் ஒரே பலகையில் உட்காரும். அடுத்த தலைமுறையில் இரண்டுக்கும் தனித்தனிப் பலகை வேண்டியிருந்தது என்று அப்போது தொழில் தெரிந்தவர்கள் காரணம் சொன்னார்கள். விற்பனை குறைவான பெட்டிக்கு இரண்டு பலகை வடிவமைக்க யாருக்கு மனம் வரும்? எனக்கு இது நம்பத் தகுந்ததாகவே படுகிறது. ஏனென்றால் மினியின் கதை முழுக்க இந்த ஒரே விஷயத்தில் அடங்குகிறது. மினி என்பது தனக்கென்று சமைத்துப் பரிமாறப்படும் பிள்ளை அல்ல. அண்ணனுக்கு, அதாவது மடிக் கம்ப்யூட்டருக்கு, தைத்த சட்டையில் மிச்சத் துணி இருந்தால் தம்பிக்கும் தைப்பார்கள். துணி மிஞ்சவில்லையா, தம்பி பழைய சட்டையோடு நிற்க வேண்டியதுதான்.

2017-ல் தலைமை நிர்வாகி டிம் குக், ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது, மினிக்கு எங்கள் பட்டியலில் முக்கியமான இடம் இருக்கும் என்ற பொருளில் உறுதி சொன்னார். விவரம் எதுவும் சொல்லவில்லை. அதை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு ஓராண்டு கழித்து 2018 மாடல் கிடைத்தது. நல்ல பெட்டிதான், ஆனால் ஆரம்ப விலை 799 டாலர். இந்தியாவில் 75,900 ரூபாய். மலிவுப் பெட்டி என்ற பெயர் அதோடு போயிற்று.

காத்திருக்காமல் 2018 கோடையில் கடையில் இருந்த 2014 மாடலை முழு விலை கொடுத்து வாங்கியவர் கதி என்ன? ஆப்பிள் ஆண்டுதோறும் இயக்க மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடுகிறது. எந்தப் பெட்டிக்கு எது கிடைக்கும் என்பதை, நீங்கள் வாங்கிய நாளை வைத்து அல்ல, அந்த மாடல் பிறந்த நாளை ஒட்டியே முடிவு செய்கிறார்கள். 2014 மினிக்குக் கிடைத்த கடைசிப் பதிப்பு 2021-ல் வந்த 'மான்ட்டரே'. 2022-ல் 'வென்ச்சுரா' வந்தபோது கதவு மூடிவிட்டது. 2014-ல் வாங்கியவருக்கு எட்டு ஆண்டு நிறைவான சேவை. 2018-ல் அதே காசு கொடுத்தவருக்கு நான்கே ஆண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வழக்கப்படி அதன்பின் இரண்டாண்டு போல வரும், அவ்வளவுதான்.

இது ஒருமுறை நடந்த விபத்து என்று விட்டுவிடலாமா? இல்லை. 2020 நவம்பரில் இன்டெல் சில்லை விட்டுவிட்டுத் தன் சொந்த எம்1 சில்லுடன் ஆப்பிள் மினியை வெளியிட்டது. 64,900 ரூபாய். பழைய மாடலைவிட வேகம் அதிகம், மின்சாரம் குறைவு. சும்மா இருக்கும்போது 2018 மாடல் 20 வாட் இழுக்கும். எம்1 ஏழு வாட். இன்வெர்ட்டரை நம்பி வாழும் ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 2018-ன் இன்டெல் மினியும் 2023 ஜனவரி வரை பக்கத்திலேயே விற்பனையில் இருந்தது, அதுவும் எம்1-ஐவிட அதிக விலையில். விலை அதிகமானால் தரமும் அதிகம் என்று எண்ணி 2022 கடைசியில் அதை வாங்கியவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்? 2025-ல் வந்த 'டாஹோ' பதிப்பு 2018 மினியை ஏற்கவில்லை. வாங்கி மூன்று ஆண்டு முடியுமுன் கதவு சாத்தியாயிற்று.

ஆக, கவனிக்கப்படாத ரகம் என்றால் அது சாகப் போகிறது என்று பொருள் இல்லை. மினி மூன்று முறை செத்ததாக எழுதப்பட்டு மூன்று முறையும் எழுந்துவந்திருக்கிறது. கவனிப்பின்மையின் விலையைக் கொடுப்பது கம்பெனி அல்ல, பழைய மாடலைக் கடைசியில் வாங்குகிற வாடிக்கையாளர்.

இனி எதிர்காலம். ஜோசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிரகநிலை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. சொந்தச் சில்லு வந்தபின் மினியின் நிலைமை மாறிவிட்டது. மடிக் கம்ப்யூட்டருக்குச் செய்யும் அதே சில்லை எடுத்து மினிக்குள் வைத்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. அதாவது மிச்சத் துணி எப்போதும் கையில் இருக்கிறது. 2023 ஜனவரியில் எம்2, 2024 அக்டோபரில் எம்4 என்று புதிது வந்தது. எம்4 மாடலில் உடம்பையே குறுக்கி ஐந்து அங்குலச் சதுரமாக்கினார்கள். அடிமட்ட நினைவகத்தை 16 ஜிபி ஆக்கியும் 59,900 ரூபாய்க்கே அறிமுகம் செய்தார்கள். கைவிட எண்ணும் ரகத்துக்குப் புது உடம்பு செய்யமாட்டார்கள். (சுவிட்சைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு அடியில் வைத்தது வேறு கதை. தூக்கிப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும்.)

ஆனாலும் இடையில் எம்3 மினி என்று ஒன்று வரவே இல்லை என்பதைப் பாருங்கள். பழைய குணம் முழுக்கப் போய்விடவில்லை. ஆண்டுக்கு ஒன்று என்று ஒழுங்காக வரும் ரகமாக இது மாறும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாண்டு போல இடைவெளி, நடுவில் ஒரு தலைமுறை தாண்டல், இப்படித்தான் போகும் என்பது என் கணிப்பு. நிறுத்தப்படாது என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஐபோனுக்குச் செயலி எழுதுகிறவர்களுக்கு மேக் இல்லாமல் முடியாது. மினிகளை நூற்றுக்கணக்கில் அலமாரியில் அடுக்கி வாடகைக்கு விடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அமேசானே 2020 கடைசியிலிருந்து தன் வாடகைக் கம்ப்யூட்டர் சேவையில் மினிகளைத் தருகிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் இதைத் தேடுகிறார்கள். வீட்டு வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருந்தால் என்றோ மூடியிருப்பார்கள்.

மற்ற கம்பெனிகளின் குட்டிப் பெட்டிகள் பாதுகாப்பானவையா என்றால், அங்கேயும் உத்தரவாதம் இல்லை. 'நக்' என்ற பெயரில் பத்தாண்டுக்கு மேல் குட்டிக் கம்ப்யூட்டர் விற்ற இன்டெல், 2023 ஜூலையில் போதும் என்று கையைக் கழுவியது. ஏசூஸ் கம்பெனி உரிமம் வாங்கித் தொடர்ந்தது. டெல், ஹெச்.பி., லெனோவா ஆகியவை அலுவலகங்களுக்காகச் செய்யும் சிறு பெட்டிகள் பற்றி ஒன்று சொல்லலாம். அவற்றில் பலவற்றில் நினைவகத்தையும் வட்டையும் நாமே மாற்றலாம். விண்டோஸ் கைவிட்டாலும் லினக்ஸ் ஏற்றிக்கொள்ளலாம். கணக்கு, கடிதம், பிள்ளையின் பள்ளிப் பாடம், இவ்வளவுதான் தேவை என்றால் இதுவே போதும். ஐபோன் செயலி, இசைப்பதிவு, படத்தொகுப்பு என்று பிள்ளை போகிற வழி தெரிந்தால் மினியைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்குவதானால் இரண்டு யோசனை. ஒரு மாடல் பிறந்து பதினெட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், அவசரம் இல்லாதபோது பொறுத்திருங்கள். அவசரமென்றால் விலையில் நல்ல தள்ளுபடி கேளுங்கள். நினைவகத்தைப் பின்னால் கூட்டலாம் என்று எண்ணாதீர்கள். எம் வரிசைச் சில்லுகளில் நினைவகம் சில்லோடு ஒட்டியே வருகிறது. வாங்கும் நாளில் எவ்வளவோ, ஆயுள் முழுதும் அவ்வளவே.

தில்லி நேரு பிளேஸிலோ மும்பை லாமிங்டன் ரோட்டிலோ பழையது வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் "போன வருஷத்து மாடல் ஸார்" என்று சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பெட்டியை ஒரு திரையில் மாட்டச் சொல்லுங்கள். இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தினால் வரும் பட்டியலின் முதல் வரியே அந்த மேக்கைப் பற்றிய விவரம். மாடலின் ஆண்டு அங்கே தெரியும். 2018-ம் அதற்கு முந்தியதும் என்றால் புதிய பதிப்பு கிடையாது, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கு அதில் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடித்தால் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

ஏற்கனவே 2012, 2014 மினி வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட வேண்டாம். லினக்ஸ் ஏற்றி, ஒரு பெரிய வட்டை வெளியே மாட்டினால், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஒலிநாடாக்களையும் கல்யாண வீடியோக்களையும் மாற்றிச் சேமித்துவைக்க அது தாராளமாகப் போதும்.