கல்லாவைப் பூட்டுகிறோம், கம்ப்யூட்டரை?



கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் வியாபாரி நம்மில் ஒருவரும் இல்லை. பக்கத்தில் டீ குடிக்கப் போனாலும் சாவி இடுப்பில் இருக்கும். ஆனால் கல்லாவில் இருப்பது அன்றைய ரொக்கம் மட்டுமே. யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கை என்ன விலைக்கு வாங்கினோம், யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் இன்று கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அதை மட்டும் திறந்தபடி விட்டுவிட்டு எழுந்து போகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் பட்டதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகிய கை. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதுதான் முழுக் கணக்கையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். கணக்குப்பிள்ளை, பில் போடும் பையன், நான் ஆகிய மூவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். உள்ளே போக ஒரே பெயர். பாஸ்வேர்டு கிடையாது. "நம்ம ஆட்கள்தானே, எதற்குப் பூட்டு?" என்பது என் எண்ணம்.

2019இல் ஒரு மாதக் கடைசியில் இருப்பு எடுத்தோம். கம்ப்யூட்டர் காட்டியதைவிடக் குடோனில் துவரம் பருப்பு 4 மூட்டை குறைவு. முதலில் குடோன் ஆளைத்தான் சந்தேகப்பட்டோம். பிறகு பதிவுகளைப் புரட்டினால், ஒரு சில்லறைக் கடைக்காரர் 4 மூட்டையைத் திருப்பி அனுப்பியதாக வரவு வைத்து, அவர் பாக்கியில் 17 ஆயிரத்துச் சொச்சம் கழிக்கப்பட்டிருந்தது. குடோன் நோட்டில் அப்படிச் சரக்கு வந்ததாக ஒரு வரிகூட இல்லை.

எல்லார் முன்னிலையிலும் கணக்குப்பிள்ளையைக் கேட்டுவிட்டேன். "கம்ப்யூட்டர் உன் கையிலதானப்பா இருக்கு?" 11 வருடம் என்னிடம் இருந்தவர் அவர். "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்கதான் என்னை பேங்குக்கு அனுப்பினீங்க. ரெண்டு மணி நேரம் அது திறந்தேதான் கிடந்துச்சு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அந்தக் கடைக்காரரைக் கேட்டோம். அவர் தம் நோட்டைப் பார்த்து, "நான் சரக்கு எதுவும் திருப்பலையே அண்ணாச்சி" என்று நேர்மையாகச் சொல்லித் தொகையைக் கட்டிவிட்டார். பணம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிவைப் போட்டது யார் என்பது இன்றுவரை தெரியாது. பேர் மாறிப்போன பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்பதும் தெரியாது. எல்லாரும் ஒரே பெயரில் உள்ளே போனால் எப்படித் தெரியும்? நாலாம் நாள் கணக்குப்பிள்ளையின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். வந்தார். ஆனாலும் அந்த நாலு நாளை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

பூட்டு என்பது திருடனுக்காக மட்டுமல்ல, நல்லவன் மேல் பழி விழாமல் இருக்கவும்தான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

செய்ய வேண்டியவை

விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால், எழுந்திருக்கும்போது கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பொத்தானையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திரை பூட்டிக்கொள்ளும். பாதியில் நிற்கும் பில் அழியாது. திரும்பி வந்து பாஸ்வேர்டு கொடுத்தால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். ஆனால் முதலில் பாஸ்வேர்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரு தட்டில் திறந்துவிடலாம். மானிட்டரின் சுவிட்சை மட்டும் அணைப்பது பூட்டு ஆகாது.

மறதி மனித இயல்பு. ஆகவே 5 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும்படி ஸ்க்ரீன் சேவர் அமைப்பில் வைத்துவிடுங்கள். அங்கே நேரத்தைக் குறித்தால் மட்டும் போதாது. திரும்ப வரும்போது லாகான் திரையைக் காட்டு என்ற கட்டத்திலும் டிக் அடிக்க வேண்டும்.

அடுத்து, கணக்கு மென்பொருளில் ஆளுக்கு ஒரு பெயரும் ஒரு பாஸ்வேர்டும் கொடுங்கள். பில் போடுபவர் பில் மட்டும் போடட்டும். பழைய தேதியில் பதிவு போடுவதையும் திருத்துவதையும் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் மட்டும் செய்யும்படி டாலி போன்ற மென்பொருள்களில் வரையறுக்கலாம்.

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவு வைக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனி உரிமையாளர்களாகவும் கூட்டு வணிகமாகவும் கடை நடத்தும் நம்மை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த வசதி நமக்கும் நல்லதே. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஒருவர் திறந்து வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் அடுத்தவர் போடும் பதிவும் முன்னவர் பெயரில்தான் விழும்.

பாஸ்வேர்டாகக் கடை பெயர், போன் நம்பர், பேரன் பெயர் வேண்டாம். மானிட்டரில் சீட்டு ஒட்டவும் வேண்டாம். அதே சமயம் முக்கியமான பாஸ்வேர்டுகளை எழுதி, உறையில் இட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். டாலியில் 'டாலி வால்ட்' என்ற பூட்டுக்கான பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அதை மீட்க வழி கிடையாது. வேலையாள் நின்றுவிட்டால் அன்றைக்கே அவருடைய பெயரை நீக்கிவிடுங்கள்.

"கூட்ட நேரத்தில் இதெல்லாம் முடியுமா?" என்று கேட்பீர்கள். கூட்ட நேரத்தில் பில் மேஜையில் ஆள் இருப்பார், பூட்ட வேண்டியதில்லை. எழுந்தால்தான் பூட்டு. திறக்க ஆகும் நேரம், கல்லாச் சாவியைத் தேடி எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு.

இந்தப் பூட்டு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கம்ப்யூட்டரையே தூக்கிப் போனாலோ, அது பழுதானாலோ கைகொடுப்பது தினசரி எடுத்து வேறிடத்தில் வைத்த நகல் மட்டுமே. குடோன் நோட்டையும் விட்டுவிடாதீர்கள். என் 4 மூட்டைக் கணக்கைக் காட்டிக் கொடுத்தது அந்த நோட்டுதான்.

இன்று கடை சாத்துவதற்குள் ஒரு முறை உங்கள் கம்ப்யூட்டர் முன் நின்று பாருங்கள். நீங்கள் எழுந்துபோனால் அதன் முன் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால், உங்கள் பேரேடு தெருவில் கிடக்கிறது என்றே பொருள்.