மீன் வாயைத் திறந்தால் பசியா?



சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். திருவள்ளூர் பக்கம் நம்ம குழு ஒன்று குழுக் கடன் வாங்கி, பஞ்சாயத்துக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தாங்க. மூணு நாளா வெயிலே இல்லை. விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. "பாவம், பசிக்குது போல" என்று சொல்லி, அன்றைக்கு முறை வந்த அக்கா இரண்டு பங்கு தவிடும் புண்ணாக்கும் போட்டாங்க. மறுநாள் காலையில் மீன் செத்து மிதந்தது. கடன் மட்டும் பாக்கி.

அந்த அக்கா மேல் தப்பில்லை. தீவனக் கணக்கைச் சொல்லிக் கொடுத்த நான், மீன் ஏன் மேலே வருது என்பதைச் சொல்லித் தரவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

எந்த மீன் எங்கே சாப்பிடும்?

நாம் வளர்ப்பது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் ஒரே குளத்தில் சண்டையில்லாமல் வாழும். காரணம் வாயைப் பார்த்தாலே தெரியும். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கி இருக்கும். மேல்தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்காலுக்கு வாய் கீழ் நோக்கி இருக்கும். அடியில் மக்கிக் கிடப்பதைத் தின்னும். ஒரே வகையை மட்டும் விட்டால் மற்ற இடத்து இரை வீணாகும்.

தண்ணீரே முதல் தீவனம்

அளவாகச் சாணம் போட்டால் தண்ணீர் இளம்பச்சையாகி நுண்ணுயிர் பெருகும். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விடுங்க. உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் இரை குறைவு. மணிக்கட்டு போகும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பச்சை அதிகம், சாணத்தை நிறுத்துங்க.

எவ்வளவு, எப்போது?

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, மீன்களின் மொத்த எடையில் 100-க்கு 2 முதல் 3 பங்கு தினமும் போடலாம். 2,000 மீன், ஒவ்வொன்றும் கால் கிலோ என்றால் மொத்தம் 500 கிலோ. 100-க்கு 2 வீதம் நாளைக்கு 10 கிலோ. மாதம் ஒரு முறை வலை போட்டு, கொஞ்சம் மீனை எடை பார்த்துக் கணக்கை மாற்றுங்க.

கெண்டை இனத்துக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது. ஒரே நேரத்தில் நிறைய தின்று வைத்துக்கொள்ள முடியாது. அதனால் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்க. அள்ளி வீசுவதை விட, ஓட்டை போட்ட சுத்தமான சாக்கில் நிரப்பிக் கம்பில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. மீன் கொத்தித் தின்னும். மிச்சம் இருந்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளலாம்.

பசியா, மூச்சுத் திணறலா?

தண்ணீரில் உள்ள பச்சைப் பாசி பகலில் வெயிலை வைத்துப் பிராணவாயு தரும். இரவில் அதுவும் மூச்சு விடும். அதனால் விடியற்காலையில்தான் குளத்தில் காற்று மிகக் குறைவு. மூடாக்கு நாளில் இன்னும் குறையும். மிச்சத் தீவனம் அழுகினால் இருக்கிற காற்றையும் இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு நடந்தது இதுதான்.

பசித்த மீன் தீவன நேரத்தில் தீவன இடத்துக்கு வரும். ஆள் சத்தம் கேட்டால் உள்ளே பாயும். மூச்சு முட்டும் மீன் விடியலில் குளம் முழுக்க மேலேயே நிற்கும். கிட்டே போனாலும் ஓடாது. அப்படிக் கண்டால் தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்துங்க. புதுத் தண்ணீர் விடுங்க. இல்லையென்றால் மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரையே உயரத்திலிருந்து குளத்திலேயே பீய்ச்சுங்க. சாதாரண நாளிலும் வெயில் ஏறிய பிறகே தீவனம் போடுங்க.

கும்மிடிப்பூண்டி பக்கத்துச் சகோதரிகளுக்கு இன்னொரு வார்த்தை. ஆலைக் கழிவு கலக்கும் ஏரியாக இருந்தால், எவ்வளவு கவனமாகத் தீவனம் போட்டும் பலனில்லை. அந்த மீனைத் தின்பவர்களுக்கும் கெடுதி. குத்தகைக்கு முன்பே தண்ணீரைச் சோதித்துவிடுங்க. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். தீவனம் போடும் முறை யாருக்கு வந்தாலும், முதலில் ஐந்து நிமிடம் குளத்தைப் பார்க்கட்டும். பிறகு சாக்கைப் பிரிக்கட்டும்.