அஞ்சுவோருக்கு ஏற்ற சரிவு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேரும் குடும்பத்தினருட் பலர், வந்த களைப்பும் ஆறுமுன் கிளியூர் அருவிக்கு விரைகின்றனர். ஏறக்குறைய 300 அடி வீழும் அவ்வருவியைக் காணச் செங்குத்தாக இறங்கவேண்டும். இறங்கியதனைத்தையும் மீண்டும் ஏறவேண்டும். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். கடுங்கோடையிலோ நீரே அருகிவிடும். பள்ளங்கண்டு நடுங்கும் பாட்டியையோ, மலையே பழகாத புது மருமகளையோ, "ஒன்றுமில்லை, வாருங்கள்" என்று கைபற்றி இழுப்பது அன்பாகாது.

முதல் நாள் ஏரிக்கரைச் சாலையில் நடக்கட்டும். ஏரி நிரம்பி வழியும் நீரே கிளியூரில் அருவியாகின்றது என்பதை அங்கேயே பாட்டிக்குக் கூறலாம். மறுநாள் லேடீஸ் சீட் வரை வண்டியிற் சென்று, நின்றவாறே சேலம் சமவெளியைக் காணலாம். அதன்பின் அவர்களே விரும்பிக் கேட்டால் மட்டும் அருவிப்பாதை. பாதி வழியில் "போதும்" என்றால், உடன் திரும்ப ஒருவர் முன்னரே ஒப்புக்கொண்டிருத்தல் வேண்டும். அவர் பெரும்பாலும் தந்தையாராய் இருப்பது நலம்.