சிவப்பரிசி எப்படி வெள்ளையாச்சு?

விதைக்கென்று ஒதுக்கிய மாப்பிள்ளைச் சம்பா வயலில் ஒரு தூர் மட்டும் தனியாகத் தெரியும். நெல்லை நகத்தால் உரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை அரிசி. "விதை கெட்டுப்போச்சா?" என்று கவலை வந்துவிடும். பதில் தெரிய வேண்டுமானால் செல்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கணும்.

ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ என்ற இரட்டை இழை இருக்கிறது. அதில் நாலே எழுத்துகள். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின், இதுதான் ஜோடி. தாய்ப் பங்கும் தந்தைப் பங்கும் சேர்ந்து ஒரு நெல் செல்லில் ஏறக்குறைய 80 கோடி ஜோடிகள். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இத்தனைக்கும் நகல் எடுக்கணும்.

நகல் எடுக்கும் நொதியின் பெயர் பாலிமரேஸ். சுமார் லட்சம் எழுத்துக்கு ஒன்றை அது தப்பாகக் கோர்க்கும். அப்படியே விட்டால் ஒரு தடவைக்கே 8,000 பிழை. பயிர் தாங்குமா?

அதனால் திருத்தம் இரண்டு கட்டமாக நடக்கிறது. பூக்கட்டுகிறவர் தப்பான பூ விழுந்ததும் முடிச்சை அவிழ்ப்பது போல, பாலிமரேஸே ஓர் அடி பின்வாங்கி, தப்பான எழுத்தை வெட்டிவிட்டுச் சரியானதைக் கோர்க்கும். நூறு பிழையில் ஒன்றுதான் தப்பும். அடுத்து, ஜோடி சேராத இடங்களைத் தேடி வேறு புரதங்கள் வருகின்றன. புது இழையில் அந்தத் துண்டை மட்டும் நீக்கி, பழைய இழையைப் பார்த்து மறுபடி நிரப்புகின்றன. இந்த வேலையை விளக்கிய பால் மோட்ரிச், டிஎன்ஏ பழுதுபார்ப்பை ஆராய்ந்த தாமஸ் லிண்டால், அசீஸ் சாங்கார் ஆகியோருடன் 2015-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வளவுக்கும் தப்பிய பிழை அடுத்த நகலில் ஒழுங்கான ஜோடியாகவே மாறிவிடும். அப்புறம் அதைப் பிழை என்று செல்லால் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் சடுதி மாற்றம். வெயிலின் புற ஊதாக் கதிரும் இழையைச் சேதப்படுத்தும்.

நெல்லின் தோலுக்குச் சிவப்பு தரும் மரபணு ஒன்றில் முன்னொரு காலத்தில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போயின. மரபணு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவது. 14 மூன்றால் வகுபடாது; அதற்குப் பின்னால் வாசிப்பு முழுக்கக் குழம்பி, சிவப்பு நின்றுபோனது. இன்றைய வெள்ளை அரிசி ரகங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இதே விடுபடல்தான். அந்த வெள்ளையை ஒதுக்காமல் எடுத்து விதைத்தவர்கள் உழவர்கள்.

அப்படியானால் உங்கள் வயல் தூரும் சடுதி மாற்றமா? பெரும்பாலும் இருக்காது. ஒரு பங்கு பழுதானாலும் மறு பங்கு சிவப்பைத் தந்துவிடும். இரண்டும் பழுதானால்தான் வெள்ளை. களத்தில், அறுவடை இயந்திரத்தில், சாக்கில் கலந்த விதை, போன போகத்தில் உதிர்ந்து முளைத்தது, பக்கத்து வயல் மகரந்தம்: இவைதான் வழக்கமான காரணங்கள்.

அறுவடைக்கு முன்பே கலவனை நீக்கிவிடுங்கள். குணம் நல்லதாகத் தெரிந்தால் அந்தக் கதிரைத் தனியே அறுத்து, அடுத்த போகத்தில் தனி வரிசையாக நடுங்கள். வரிசை பலவிதமாகப் பிரிந்தால் மகரந்தக் கலப்பு. ஒரே சீராக வந்தால் அது நிலைத்த குணம். விதையாகச் சேர்த்து வையுங்கள். செல்லின் திருத்தம் எழுத்தோடு முடிந்துவிடும். எதை வைப்பது, எதைக் களைவது என்பது நம்ம கையில்தான்.